முன்னே அவிழும் சுமை, பின்னே சூடும் முடி
(தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் காட்டும் வீட்டுநெறி)

தமிழிலுள்ள கிறிஸ்தவக் காப்பியங்களுள் தலையாயவை தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமுமே. முன்னது இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் தொண்டாற்றிய வீரமாமுனிவரால் 1726ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்றது. பின்னது திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்து 1858ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையால் 1894ஆம் ஆண்டில் நூலாக வெளியிடப்பெற்றது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் இரண்டுக்கும் இடம் தந்துள்ளன. இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களும் இவ்விரு பெயர்களையும் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குச் செல்வது வழக்கம். கத்தோலிக்கர் ஒரு காப்பியம் செய்தார், சீர்திருத்தச் சபையார் ஒரு காப்பியம் செய்தார் என்னும் அளவில் ஒப்பீடு நின்றுவிடுகிறது.

ஆயின், இவ்விரு நூல்களும் ஒரே சமயத்தின் இருவேறு விடைகள் என்பது ஊன்றிக் கற்பார்க்கு விளங்கும். வினா ஒன்றே. மனிதன் வீடு பெறுவது நம்பிக்கையாலா, நற்செயலாலா? இறைவன் அருள் முழுவதும் தானே செய்கிறதா, மனிதனின் முயற்சிக்கும் அதில் பங்குண்டா? அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நாற்பொருளையும் பயப்பதே பெருங்காப்பியம் என்று இலக்கணம் வகுத்த மொழியில், வீட்டைப்பற்றிய கருத்து மாறினால் காப்பியத்தின் கட்டுக்கோப்பும் மாறியே தீரும். அம்மாற்றத்தைக் காணாமல் இவ்விரு நூல்களையும் படிப்பது, பாவினத்தை எண்ணிவிட்டுப் பாட்டை விட்டுவிடுவதை ஒக்கும்.

வழக்கின் வேர்

இவ்வழக்கு விவிலியத்திலேயே வேர்கொண்டது. ரோமருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடிகள், மனிதன் நியாயப்பிரமாணத்தின் செயல்களால் அன்று, நம்பிக்கையினாலேயே இறைவன்முன் நீதிமானாகிறான் என்கிறார். யாக்கோபின் திருமுகமோ, செயலற்ற நம்பிக்கை செத்தது என்கிறது. வியப்பு யாதெனில், இருவரும் காட்டும் சான்று ஆபிரகாம் ஒருவரே. விண்மீன்களைப்போல் உன் சந்ததி பெருகும் என்ற வாக்கை ஆபிரகாம் நம்பிய பொழுதைப் பவுல் எடுத்துக்கொள்கிறார். தன் மகனையே பலியிடத் துணிந்த பொழுதை யாக்கோபு எடுத்துக்கொள்கிறார். ஆதியாகமத்தில் முன்னது 15ஆம் அதிகாரம், பின்னது 22ஆம் அதிகாரம். ஒரே வாழ்வின் இரண்டு கட்டங்கள் அவை. எதனை முதலாகக் கொள்வது, எதனை விளைவாகக் கொள்வது என்பதில்தான் பின்வந்தோர் பிரிந்தனர்.

ஜெர்மனியில் 1517ஆம் ஆண்டில் மார்ட்டின் லூதர் எழுப்பிய குரல் அப்பிரிவைச் சபைப்பிரிவாக்கியது. அவர் பவுலின் வாக்கியத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, நம்பிக்கை என்னும் சொல்லோடு 'மட்டும்' என்னும் பொருள்தரும் சொல்லையும் சேர்த்தார். யாக்கோபின் திருமுகத்தை 1522ஆம் ஆண்டின் முன்னுரையில் வைக்கோலுக்கு ஒப்பிட்டார். கத்தோலிக்கத் திருச்சபை 1547ஆம் ஆண்டில் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வில் தன் விடையை வரையறுத்தது.

இங்கே இரண்டு பிழையான எண்ணங்களைக் களைதல் வேண்டும். கத்தோலிக்கர் நற்செயலை விலையாகக் கொடுத்து விண்ணகம் வாங்க நினைப்பவர் என்பது ஒன்று. லூதர் வழியினர் நம்பினால் போதும், எப்படியும் வாழலாம் என்பவர் என்பது மற்றொன்று. இரண்டும் எதிர்க்கட்சியார் கட்டிவிட்ட கதைகளே. திரெந்து சங்கத்தின் அவ்வாணையில் முதற் கண்டனமே, இறையருள் இன்றித் தன் செயலால் மனிதன் நீதிமானாகலாம் என்பாருக்கு எதிரானது. லூதரோ, நல்ல மரம் நல்ல கனியைத் தருமேயன்றிக் கனி மரத்தை நல்லதாக்குவதில்லை என்று 1520ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கனி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அப்படியாயின் உண்மையான வேறுபாடு யாது? நீதிமானாதல் என்பது குற்றவாளியை விடுதலை செய்யும் நீதிபதியின் தீர்ப்பைப் போன்றது என்பர் லூதர் வழியினர். அஃது ஒரு நொடியில் முழுமையாகக் கிடைப்பது. நோயாளியின் உள்ளுறுப்பையே மாற்றிக் குணமாக்கும் மருத்துவத்தைப் போன்றது என்பர் கத்தோலிக்கர். அஃது அருளால் தொடங்கி, அருளோடு இசைந்து செய்யும் அறத்தால் வளர்வது. கொடும் பாவத்தால் இழக்கவும் கூடும். தீர்ப்பு வளராது; நலம் வளரும். இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் இரு காப்பியங்களின் அமைப்பும் தெளிவாகும்.

தமிழ் மண்ணில்

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழில் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் அங்கே அச்சாகி முடிந்தது. வீரமாமுனிவர் இந்தியா வந்தது 1710ஆம் ஆண்டில். ஆகவே ஐரோப்பாவில் நடந்த வழக்கு இருநூறாண்டுக்குள் காவிரிக் கரைக்கே வந்து சேர்ந்தது. வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு முதலிய உரைநடை நூல்களை முனிவர் இவ்வழக்கின் பொருட்டே இயற்றினார். தமிழ் உரைநடை வளர்ச்சிக்கு இச்சமயப் போர் உரமாயிற்று என்பதை வரலாற்றாசிரியர் ஒப்புவர்.

சொற்களும் இருபாற் பட்டன. கத்தோலிக்கர் பழைய வழக்கில் தேவ இஷ்டப்பிரசாதம், பேறுபலன், ஈடேற்றம் என்றனர். சீர்திருத்தச் சபையார் கிருபை, நீதிமானாக்கப்படுதல், இரட்சிப்பு என்றனர். செயலைக் குறிக்கக் 'கிரியை' என்னும் சொல் நிலைத்தது. இச்சொல் தேர்வின் விளைவு சிந்திக்கத்தக்கது. சைவர் செவியில் கிரியை என்பது சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளுள் ஒன்று, பூசைமுறையைக் குறிப்பது. பவுலடிகள் மறுத்தது யூதச் சட்டத்தின் செயல்களை. தமிழ் வாசகன் கேட்டதோ திருக்கோயிற் சடங்கின் பெயரை. எனவே கிரியையால் இரட்சிப்பில்லை என்னும் தொடர் தமிழில் ஒலித்தபோது, அது கத்தோலிக்கரை மட்டுமன்றிச் சைவரையும் சாடுவது போலாயிற்று. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை, செயல், ஏற்புடையவராதல் என்னும் எளிய சொற்களைக் கையாண்டமை, இப்பழைய சிக்கலையும் ஓரளவு தளர்த்தியது எனலாம்.

இவ்வினா தமிழர்க்குப் புதிதுமன்று. வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரும், பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரும் இதனையே வாதித்தனர். தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல் உயிரும் சிறிது முயலவேண்டும் என்பது ஒரு கட்சி. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போல் உயிர் வாளா இருப்பதே தகும் என்பது மறு கட்சி. கிறிஸ்தவ வழக்கும் இதுவும் ஒன்றே என்று சொல்லுதல் மிகை. எனினும் வைணவக் குடியிற் பிறந்து, கம்பனைத் தோய்ந்து கற்ற கிருஷ்ண பிள்ளைக்கு, அடைக்கலம் என்னும் கருத்து விவிலியத்தின் வழியாகத்தான் முதன்முதலில் வந்தது என்று கொள்ளுதல் அரிது.

வளன் என்னும் பெயர்

தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் மிகுதல் என்னும் பொருளுடையது. முனிவர் அதனை 'வளன்' என்று தமிழாக்கினார். அழகான பெயர், ஆழமான பெயருங்கூட. அருள் பெற்றவன் அறத்தால் மேன்மேலும் வளர்கிறான் என்னும் கத்தோலிக்கக் கொள்கை, தலைவனின் பெயரிலேயே அமைந்துவிட்டது. முப்பத்தாறு படலங்களும் அவ்வளர்ச்சியின் படிகளே. இல்லறமும் துறவறமும் ஒருங்கே பொருந்தும் வாழ்வைக் கூறும் படலத்துக்கு 'ஈரறம் பொருத்து படலம்' என்று பெயர். நூலின் இறுதிப் படலம் 'முடிசூட்டுப் படலம்'. பிறப்பிற் தொடங்கி, அறத்தில் வளர்ந்து, விண்ணில் முடி பெறுவதே கதை. முடி பின்னே வருகிறது. வழி முழுவதும் அதனை நோக்கியே செல்கிறது.

இதனாற் தேம்பாவணி செயலையே போற்றும் காப்பியம் என்று முடிவு கட்டலாமா? கூடாது. கதையின் திருப்பம் எங்கே உள்ளது என்று நோக்குதல் வேண்டும். தன் கைப்பிடித்த கன்னிமரி கருவுற்றமை கண்டு சூசை கலங்குவது 'ஐயந்தோற்று படலம்'. அக்கலக்கம் தீர்வது 'ஐயம் நீங்கு படலம்'. அங்கே அவருடைய அறம் எதுவும் அவருக்குத் துணை செய்யவில்லை. நீதிமானாக இருந்தமையாலேயே அவர் துன்பம் மிகுந்தது. வானவன் உரைத்த சொல்லை நம்பிய பிறகே வழி பிறந்தது. நம்பிய பின்னரே மரியாளை ஏற்றல், எகிப்துக்குச் செல்லல், மகனைக் காத்தல் என்னும் செயல்கள் தொடர்ந்தன. இன்னும் ஒன்று. கத்தோலிக்க மரபில் சூசையப்பர் இயேசுவின் சிலுவைச் சாவுக்கு முன்பே இறந்தவர். எத்துணை அறமுடையவராயினும், மீட்புப் பணி நிறைவேறுமுன் அவர் விண்ணகம் புக இயலாது. காப்பியமும் இவ்வரிசையை மாற்றவில்லை. உயிர்த்தெழுதலைக் கூறும் உத்தானப் படலத்துக்குப் பின்னரே முடிசூட்டு நிகழ்கிறது. அறம் முடிக்குத் தகுதியாக்குகிறது. கதவைத் திறப்பது அறமன்று.

குறையும் சொல்லவேண்டும். தொடக்கத்திலேயே மாசற்றவனாக வரும் தலைவனுக்கு உட்போராட்டம் குறைவு. வளர்ச்சி என்பது நன்மையிலிருந்து மேலான நன்மைக்குச் செல்வதாகவே அமைவதால், வீழ்ந்து எழும் மனிதனின் நடுக்கம் நூலிற் பெரிதும் கேட்பதில்லை. பழைய ஏற்பாட்டுக் கிளைக்கதைகளைப் புகுத்திப் போரும் வீரமும் காட்டி முனிவர் இதனை ஈடுசெய்கிறார். கிளைக்கதைகள் இனிக்கின்றன, ஆயினும் அவை தலைவனுடைய கதைகள் அல்ல. ஐயந்தோற்று படலம் நூலின் உச்சிகளுள் ஒன்றாக நிற்பதற்குக் காரணம், அங்கே தலைவன் ஒருமுறையேனும் தன் அறத்தின் எல்லையில் வந்து நிற்பதுதான்.

சுமை இறங்கிய பின் நடக்கும் வழி

இரட்சணிய யாத்திரிகம், பெட்ஃபோர்டுச் சிறையில் நெடுநாள் அடைபட்டிருந்த ஜான் பன்யன் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவியது. அழிவுக்குரிய நகரை விட்டு விண்ணக நகரை நோக்கி ஒருவன் முதுகிற் பெருஞ்சுமையோடு செல்கிறான். வழியில் உலக ஞானம் பேசும் ஒருவர், சட்டமும் நன்னடத்தையும் வாழும் ஊருக்குப் போனால் சுமை எளிதில் இறங்கும் என்று குறுக்குவழி காட்டுகிறார். அவ்வழியில் நின்ற மலை அவன்மேல் விழுவதுபோல் அச்சுறுத்துகிறது. சுமை இறுதியில் இறங்குவது சிலுவையின் முன்னிலையில், தானாகவே. நற்செயலால் வீடு இல்லை என்னும் கொள்கையை இதனினும் தெளிவாகக் கதையாக்குதல் இயலாது.

கவனிக்கத்தக்கது சுமை இறங்கும் இடம். அது பயணத்தின் முடிவில் இல்லை. தொடக்கத்தை அடுத்தே உள்ளது. கிருஷ்ண பிள்ளையும் அவ்வரிசையைக் காத்தார். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் ஐந்தனுள் இரண்டாவதாகிய குமார பருவத்தில், மூலக்கதையில் இல்லாத இயேசுவின் பாடுகளை 'இரட்சணிய சரிதப் படலம்' என விரித்துப் பாடினார். மூலத்தில் சிலுவை ஓர் அடையாளமாக நிற்கிறது; தமிழில் அது ஓர் ஆளின் துன்பமாக உயிர்பெறுகிறது. நூல் முழுவதிலும் கவிதை மிகவும் ஓங்கி நிற்கும் இடம் இதுவே. ஏனெனில் நம்பிக்கை மட்டும் என்னும் கொள்கைக்கு, யாரை நம்புவது என்னும் முகம் வேண்டும். அம்முகத்தைப் பிள்ளை தமிழுக்குத் தந்தார். இடையிடையே அவர் அமைத்த பதிகங்களும் அடைக்கலம் புகும் குரலே ஆகையால், ஆழ்வார் பாடலிலும் தேவாரத்திலும் பழகிய செவிக்கு அவை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

சுமை இறங்கிவிட்டதே, பின் ஏன் மூன்று பருவங்கள்? இவ்வினாவைக் கேளாத மாணவன் நூலைக் கற்றவனாகான். விடுதலை பெற்றவன் நடக்கிறான்; விடுதலைக்காக நடக்கவில்லை. காடும் சோதனையும் மரண ஆறும் பின்னரே வருகின்றன. பன்யன் கதையில், சமயத்தை வாயாற் பேசித் திரியும் ஒருவனைக் கடிந்து, தீர்ப்பு நாளில் பலன்களே கணக்கில் வரும் என்று உடன்வழியன் உணர்த்துவதும் உண்டு. நம்பிக்கையால் மட்டும் வீடு என்று பாடவந்த கதை, செயலற்ற நாவை மன்னிக்கவில்லை. யாக்கோபின் குரல் பவுலின் வீட்டிலும் கேட்கிறது. கிருஷ்ண பிள்ளை சார்ந்த ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளிலும் இவ்வரிசையே உள்ளது. 11ஆம் விதி நம்பிக்கையைச் சொல்லும். 12ஆம் விதி அதன் கனியாகிய நற்செயலைச் சொல்லும்.

இந்நூலின் குறை உருவகத்தின் குறை. பாத்திரத்தின் பெயரே அதன் பண்பைச் சொல்லிவிடுவதால், என்ன நேரும் என்னும் ஆவல் குன்றுகிறது. பாடுகளின் படலத்திலும் பதிகங்களிலும் நெகிழ்ந்த நெஞ்சம், உருவகங்கள் வரிசையாக வாதிடும் இடங்களிற் காய்ந்துபோகிறது. கொள்கையை நிறுவும்போது பிள்ளை தளர்கிறார். கொள்கைக்கு உரியவனைப் பாடும்போது உயர்கிறார்.

கூலியும் கொடையும்

இவ்விரு காப்பியங்களும் பேராக் வாசகனுக்கு ஏட்டளவில் நிற்பவை அல்ல. பாகான் செராயில் பிரெஞ்சுக் குருமார் முயற்சியால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியேற்றம் உருவாயிற்று. ஈப்போவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் மெதடிஸ்டு, ஆங்கிலிக்க, லுத்தரன் சபைகளின் தமிழ்ப் பிரிவுகள் வளர்ந்தன. ஒரே தமிழ்ப் பள்ளியின் ஒரே வாங்கில், செபமாலை சொல்லும் வீட்டுப் பிள்ளையும், ஞானப்பாட்டுப் பாடும் வீட்டுப் பிள்ளையும், தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதிக்கும் வீட்டுப் பிள்ளையும் அருகருகே அமர்ந்தனர். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டு, மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பின்னரும் அவ்வாங்கு மாறவில்லை.

அவ்வாங்கில் இருப்போருக்கு இவ்வழக்கை விளக்கப் பவுலடிகளே ஓர் உவமை தந்திருக்கிறார். உழைப்பவனுக்குக் கொடுப்பது கூலி. அது கொடையன்று, கடன். பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரையேறி மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கூலி வாங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டியதில்லை. எடை குறைந்தால் கூலி குறையும். மழை பெய்தால் அதுவும் இல்லை. அக்கணக்கிலேயே வாழ்ந்தவனுக்கு, வீடு கணக்கில் வராத கொடை என்பது பெரிய ஆறுதல். மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் திராட்சைத் தோட்டத்தின் தலைவன் ஒரே கூலி கொடுக்கிறான். விடியலில் வந்தவன் முணுமுணுக்கிறான். அம்முணுமுணுப்பின் நியாயத்தைத் தோட்டத்தான் அறிவான்; அத்தலைவனின் ஈகையையும் அவனே நன்கு அறிவான்.

ஆனால் மறுபுறமும் உண்டு. உழைப்புக்கு இறைவன்முன் மதிப்பே இல்லை என்று அவனிடம் சொன்னால், வாழ்நாளெல்லாம் உழைத்தவனை அது சிறுமைப்படுத்துவதாகும். தச்சுத் தொழிலாளி ஒருவரைத் தலைவராக்கி, அவருடைய அன்றாட அறத்துக்கு விண்ணில் முடிசூட்டிய தேம்பாவணி, இங்கேதான் தோட்டத்து வாசகனின் தோளில் கை வைக்கிறது. கொடை என்பதைக் கிருஷ்ண பிள்ளையிடமும், உழைத்த கைக்குரிய மாட்சியை வீரமாமுனிவரிடமும் அவன் கேட்டறியலாம். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வெட்டவேண்டுவதில்லை.

சபைகளும் இத்திசையில் நடந்துள்ளன. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதனின் தகுதியால் அன்று, அருளினாலேயே அவன் ஏற்கப்படுகிறான் என்றும், அவ்வருளே அவனை நற்செயலுக்கு ஆயத்தப்படுத்துகிறது என்றும் இரு தரத்தாரும் ஒருங்கே கூறினர். மெதடிஸ்டு உலகப் பேரவை 2006ஆம் ஆண்டிலும், சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டிலும் இதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் ஒழிந்தன என்பதன்று. பேறுபலன் என்னும் சொல் தகுமா, நீதிமானான பின்னும் மனிதனிடம் எஞ்சுவதைப் பாவம் என்று சொல்வதா என்பன போன்ற வினாக்களில் இன்றும் இருவர் நோக்கும் முழுதும் ஒன்றவில்லை. எனினும் ஒருவரையொருவர் முன்பு பழித்த பழி, இவ்வறிக்கை கூறும் கொள்கையைச் சாராது என்பதை இருவரும் ஒப்பினர்.

காப்பியங்கள் இவ்வறிக்கைக்கு முன்னரே இதன் ஒரு பகுதியை உணர்ந்திருந்தன. செயலைப் போற்றிய முனிவரின் கதை நம்பிக்கையில் திரும்புகிறது. நம்பிக்கையைப் போற்றிய பிள்ளையின் கதை நடையில் நிறைவுறுகிறது. இதற்குக் காரணம் காப்பியம் என்னும் வடிவமே. செயலின்றிக் கதை இல்லை. செயலுக்கு அப்பாற்பட்ட ஒன்றின்றிக் காப்பியத்துக்கு வீடுபேறு இல்லை. கண்டன நூல்களில் ஒன்றையொன்று மறுத்த கட்சிகள், பாட்டாகும்போது ஒன்றன் உண்மையை மற்றொன்று மறைக்க முடியாமற் போயிற்று.

ஆசிரியர்கள் இவ்விரு நூல்களிலிருந்தும் பாடப்பகுதிகளைக் கற்பிக்கும்போது ஆண்டும் ஆசிரியர் பெயரும் சொன்னதோடு அமையாது, மாணவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். யாத்திரிகனின் சுமை ஏன் வழியின் தொடக்கத்திலேயே இறங்குகிறது? வளனின் முடி ஏன் வழியின் முடிவிலேயே வருகிறது? இவ்விரண்டுக்கும் விடை தேடும் மாணவன், எந்தச் சமயத்தானாயினும், ஐரோப்பாவை நானூறாண்டுகளுக்கு மேல் பிரித்துவைத்த வழக்கொன்றைத் தமிழ்ப் பாட்டின் வழியே நேரிற் கண்டவனாவான்.